வாசகர் கேள்வி – பதில்: ராத்திரி போன் எங்கே தூங்குகிறது?

பிள்ளைகளும் கைப்பேசியும் பற்றி என்ன வேண்டுமானாலும் கேளுங்கள் என்று போன இதழில் ஒரு வரி போட்டிருந்தோம். கடிதங்கள் குவிந்துவிட்டன. பெற்றோர்தான் அதிகம், ஒரு தாத்தாவும் பள்ளி மாணவர் ஒருவரும்கூட எழுதியிருக்கிறார்கள். ஒரே மாதிரிக் கேள்விகளை ஒன்றாகச் சேர்த்திருக்கிறேன், ஆளை அடையாளம் காட்டும் விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

என் மகன் உயர்நிலை 2 படிக்கிறான். பள்ளியில் இப்போதெல்லாம் போனைத் தொடவே விடுவதில்லை, ரொம்ப நல்லது என்றுதான் நினைத்தேன். ஆனால் விட்ட நேரத்தையெல்லாம் வீட்டுக்கு வந்து சேர்த்துப் பிடிக்கிறான். ராத்திரி ஒரு மணி, இரண்டு மணிக்குக்கூடப் போர்வைக்குள் வெளிச்சம் தெரிகிறது. காலையில் எழுப்புவதற்குள் எனக்கு உயிர் போய்விடுகிறது. மொத்தமாகப் பிடுங்கி வைத்துவிடலாமா?
– செங்காங்கிலிருந்து ஒரு அம்மா

பிடுங்க வேண்டாம் அம்மா. ஆனால் ராத்திரி அவன் அறையில் போன் இருக்கவும் வேண்டாம். இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்வதால்தான் பாதி வீடுகளில் சண்டை.

முதலில் பள்ளி விஷயம். 2026 ஜனவரியிலிருந்து உயர்நிலைப் பள்ளி மாணவர்கள் பள்ளி நேரம் முழுக்கத் திறன்பேசியையும் திறன்கடிகாரத்தையும் பயன்படுத்தக் கூடாது என்பது சிங்கப்பூர்க் கல்வி அமைச்சின் விதி. பாட நேரம் மட்டுமில்லை, இடைவேளை, சிசிஏ என்கிற இணைப்பாட நடவடிக்கை, கூடுதல் வகுப்பு எல்லாம் அதில் அடக்கம். போன் லாக்கரிலோ பைக்குள்ளோ கிடக்கும். தொடக்கப் பள்ளிகளில் இது ஒரு வருஷம் முன்பே வந்துவிட்டது. நல்ல விதி என்பதுதான் என் கட்சி, இதை எதிர்த்து எழுதிய இரண்டு பெற்றோர் என்னை மன்னிக்கட்டும். ஆனால் அந்த விதி பள்ளி வாசலோடு முடிந்துவிடுகிறது. படிப்புக்காக வாங்கிய மடிக்கணினியோ ஐபேடோ இருக்கிறதே, அதில் பள்ளி போட்டுக் கொடுத்திருக்கும் கட்டுப்பாட்டுச் செயலி ராத்திரி 10.30க்கு அதை அணைத்துவிடும். முன்பு 11 மணியாக இருந்தது, 2026 ஜனவரியிலிருந்து அரை மணி நேரம் குறைத்திருக்கிறார்கள். பெற்றோர் வேறு ஏற்பாட்டைத் தேர்ந்தெடுத்திருந்தால் நேரம் மாறும், உங்கள் வீட்டில் எது ஓடுகிறது என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள். எப்படியிருந்தாலும் அவனுடைய சொந்த போனுக்கும் அந்தச் செயலிக்கும் சம்பந்தமில்லை. அது உங்கள் பாடு.

இனி கணக்கைப் பாருங்கள். ஏழரைக்குப் பள்ளி என்றால் ஆறு மணிக்காவது எழ வேண்டும், தள்ளி இருக்கிற பள்ளி என்றால் அதற்கும் முன்னால். இந்த வயதுக்கு எட்டிலிருந்து பத்து மணி நேரத் தூக்கம் வேண்டும் என்கிறார்கள் மருத்துவர்கள். அப்படியானால் பத்து மணிக்குக் கண்ணை மூடினால்தான் அந்தக் குறைந்தபட்ச எட்டே தேறும். பதின்ம வயதில் உடம்புக்குள் இருக்கும் கடிகாரமே பின்னால் தள்ளிப் போகிறது, தூக்கம் வருவதே தாமதமாகத்தான் வரும், அதைச் சோம்பேறித்தனம் என்று திட்டிப் பயனில்லை. அதன் மேல் போனும் சேர்ந்தால் ஒரு மணி ஆவதற்குக் கேட்பானேன். திரை வெளிச்சத்தை எல்லாரும் குறை சொல்கிறார்கள், மஞ்சள் வெளிச்சமாக மாற்றிவிட்டால் சரியாகிவிடும் என்றுகூடச் சிலர் எழுதியிருந்தார்கள். எனக்கென்னவோ வெளிச்சத்தைவிட உள்ளே நடக்கும் பேச்சும் விளையாட்டும்தான் பெரிய வில்லன் என்று படுகிறது. நண்பர்கள் நாலு பேர் மொபைல் லெஜண்ட்ஸ் ஆடிக்கொண்டிருக்கும்போது இவன் மட்டும் எழுந்து போனால் அணி தோற்றுவிடும், மறுநாள் வகுப்பில் பேச்சு வாங்க வேண்டியிருக்கும். திரையை மஞ்சளாக்கினால் அது மாறுமா?

ஆகவே இடத்தை மாற்றுங்கள். கூடத்தில் ஒரு மூலை, ஒரு நீட்டு பிளக், வீட்டில் எத்தனை போன் உண்டோ அத்தனைக்கும் சார்ஜர். பத்து மணிக்கு எல்லாம் அங்கே போய்விட வேண்டும். எல்லாம் என்றால் உங்களுடையதும், அவன் அப்பாவுடையதும், அலமாரியில் கிடக்கும் பழைய போனும். (அந்தப் பழைய போனை மறந்துவிடாதீர்கள். சிம் இல்லாவிட்டாலும் வைஃபை போதும்.) “எனக்கு வேலை மெசேஜ் வரும்” என்று அப்பா சொல்வார், கண்டிப்பாகச் சொல்வார். மருத்துவமனையிலோ ஷிப்டிலோ வேலை பார்க்கிறவர் என்றால் மணியைச் சத்தமாக வைத்துக் கூடத்திலேயே விடலாம், அழைப்பு வந்தால் கேட்கும். “அலாரம் வைக்க போன் வேண்டும்” என்று மகன் சொல்வான். பேட்டைக் கடையில் சில வெள்ளிக்கு அலாரக் கடிகாரம் கிடைக்கிறது, வாங்கி வைத்துவிட்டு அப்புறம் பேச்சைத் தொடங்குங்கள்.

இதை ராத்திரி பன்னிரண்டு மணிக்குப் போர்வையை இழுத்துக்கொண்டு அறிவிக்காதீர்கள். ஞாயிற்றுக்கிழமை, சாப்பிட்டு முடித்து எல்லாரும் நல்ல மனநிலையில் இருக்கும்போது சொல்லுங்கள். வெள்ளி, சனி இரவுகளில் ஒரு மணி நேரம் தளர்த்திக்கொள்ளலாம். பகலில் எத்தனை மணி நேரம் பார்க்கிறான் என்ற கணக்கை இப்போதைக்கு விட்டுவிடுங்கள். ஒரே சமயத்தில் இரண்டு போர் வேண்டாம். தூக்கம் சரியானால் பகல் கோபம் பாதி குறையும், அப்போது பேசுவது எளிது.

மொத்தமாகப் பிடுங்க ஏன் வேண்டாம் என்கிறேன்? வகுப்புக் குழு, சிசிஏ குழு எல்லாம் அதில்தான் ஓடுகிறது என்பது ஒரு காரணம். இன்னொரு காரணம், பெரிய காரணம், கொஞ்சம் கீழே வேறொரு அம்மாவின் கடிதத்தில் இருக்கிறது. அதையும் படித்துவிடுங்கள்.

நான் உயர்நிலை 3. என் அப்பா என் போனில் நேரக் கட்டுப்பாடு போட்டிருக்கிறார். அதைத் தாண்டும் வழி எனக்குத் தெரியும், எங்கள் வகுப்பில் எல்லாருக்கும் தெரியும். ஆனால் அப்பா சாப்பிடும்போது கிரிக்கெட் பார்க்கிறார், அம்மா ரீல்ஸ் பார்த்துச் சிரிக்கிறார். எங்களுக்கு மட்டும் ஏன் சட்டம்?
– ஜூரோங், பெயர் போட வேண்டாம்

தம்பி, உன் கேள்வியில் நியாயம் இருக்கிறது. உன் பெயரைப் போடவில்லை, ஆனால் இந்தப் பக்கத்தை உன் அப்பா படிக்கிற மாதிரி மேசையில் விரித்து வைத்துவிட்டுப் போ.

அப்பா, அம்மா செய்வது தப்பு என்பதால் நீ செய்வது சரியாகிவிடாது என்று ஒரு வாத்தியார் பதில் இருக்கிறது. அதை நான் சொல்லப்போவதில்லை. நாற்பது வயதுக்காரரையே சாப்பாட்டுத் தட்டிலிருந்து இழுத்துவிடுகிற ஒரு சாதனம் உன்னை எவ்வளவு இழுக்கும் என்று யோசி. உங்கள் வீட்டில் மூன்று பேருமே ஒரே பக்கம். எதிரணியில் இருப்பது, நீ இன்னும் ஒரு நிமிஷம் இருக்க வேண்டும் என்பதற்காகவே சம்பளம் வாங்கிக்கொண்டு வேலை செய்கிறவர்கள்.

முன்பெல்லாம் இணையப் பக்கத்துக்கு ஒரு அடி இருந்தது. கீழே வந்து ‘அடுத்த பக்கம்’ என்று அழுத்த வேண்டும், அந்த ஒரு நொடியில் ‘சரி, போதும்’ என்று தோன்றும். 2006ல் அஸா ராஸ்கின் என்ற வடிவமைப்பாளர், தள்ளத் தள்ள முடிவே இல்லாமல் வந்துகொண்டிருக்கும் முறையை உருவாக்கினார். பின்னாளில் அவரே அதற்காக வருத்தப்பட்டுப் பேசியிருக்கிறார். காணொளி தானாக அடுத்ததுக்குப் போவதும் அதே வேலைதான். ஸ்னாப்சாட்டில் ஸ்ட்ரீக் என்று தினமும் ஒரு நண்பனுக்கு ஏதாவது அனுப்பித் தீர வேண்டிய நெருப்புப் படம் ஒன்று இருக்கிறதே, பேச ஒன்றுமே இல்லாத நாளில் சுவரைப் படம் எடுத்து அனுப்புகிறாயா இல்லையா? அதில் நட்பு எவ்வளவு, பயம் எவ்வளவு என்று நீயே கணக்குப் போட்டுக்கொள்.

படிக்கும்போது போனைக் கவிழ்த்து வைத்தால் போதும் என்று நினைப்பாய். 2017ல் அமெரிக்காவின் டெக்சஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கிட்டத்தட்ட 800 பேரை வைத்துச் சோதித்தார்கள். போன் மேசையில் இருந்தவர்களைவிட வேறு அறையில் வைத்துவிட்டு வந்தவர்கள் கவனச் சோதனைகளில் நன்றாகச் செய்தார்கள், சத்தம் வராமல் அமைதியாக வைத்திருந்தும்கூட. பிறகு வேறு சிலர் செய்த ஆய்வுகளில் இவ்வளவு தெளிவாக வரவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். நீ யாரையும் நம்ப வேண்டாம், கணக்குப் பயிற்சித்தாள் ஒன்றைப் போன் பக்கத்தில் இருக்கும்போது ஒருநாள் செய், இன்னொன்றைப் போனை அம்மாவிடம் கொடுத்துவிட்டுச் செய். எது சீக்கிரம் முடிந்தது என்று பார்.

அப்புறம், அறிவிப்புகள். மனிதர்கள் அனுப்பும் செய்தி தவிர மற்ற எல்லாச் செயலிகளின் அறிவிப்பையும் அணைத்துவிடு. ‘உனக்குத் தெரிந்திருக்கலாம்’, ‘இதைத் தவறவிட்டாய்’ என்று வருவதெல்லாம் உன்னைத் திரும்ப உள்ளே கூப்பிடத்தான் வருகின்றன.

இனி அப்பாவோடு பேரம். பூட்டைத் தாண்டும் வழியை நீயே அவரிடம் காட்டிவிடு. முட்டாள்தனமாகத் தோன்றும், தெரியும். ஆனால் தன் பூட்டு வேலை செய்யவில்லை என்று தெரிந்த அப்பாவுக்கு உன்னிடம் பேசுவதைத் தவிர வேறு வழியில்லை. “இதைக் காட்டிவிட்டேன், ஏமாற்றவில்லை, அதனால் சாப்பாட்டு மேசையில் யாருக்குமே போன் வேண்டாம், மற்ற நேரத்தை நானே பார்த்துக்கொள்கிறேன், வாரம் ஒருமுறை நேரக் கணக்கை உங்களிடம் காட்டுகிறேன்” என்று கேள். கிரிக்கெட் நடக்கும் மாதங்களில் அப்பா ஒப்புக்கொள்ள மாட்டார், அதற்கு ஒரு விதிவிலக்குக் கொடுத்துவிடு.

ஞாயிற்றுக்கிழமை பேரப்பிள்ளைகள் வீட்டுக்கு வருகிறார்கள். மூன்று பேரும் மூன்று மூலையில் காதில் எதையோ மாட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறார்கள். எது கேட்டாலும் ‘ம்’ என்ற ஒற்றைப் பதில். திட்டினால் மருமகளுக்கு வருத்தம். என்ன செய்ய?
– அங் மோ கியோ தாத்தா

ஐயா, திட்ட வேண்டாம். “எங்க காலத்துல” என்று தொடங்கும் வாக்கியத்தையும் கொஞ்ச நாள் ஒத்தி வையுங்கள். உங்கள் போனைத் தூக்கிக்கொண்டு மூத்த பேரனிடம் போய், “இதில் ஸ்கேம்ஷீல்டு என்று ஒன்று போடச் சொல்கிறார்களே, போட்டுக் கொடு ஐயா” என்று கேளுங்கள். மோசடி அழைப்புகளையும் குறுஞ்செய்திகளையும் வடிகட்டுகிற அரசாங்கச் செயலி அது, உங்களுக்கும் உண்மையாகவே தேவை. சந்தேகமான அழைப்பு வந்தால் 1799 என்ற எண்ணுக்கு அடித்துக் கேட்கலாம் என்பதையும் அவனே சொல்லிக் கொடுக்கட்டும். பிள்ளைகளுக்குத் தங்களுக்குத் தெரிந்ததை ஒரு பெரியவருக்குச் சொல்லிக் கொடுப்பதில் ஒரு தனிக் குஷி உண்டு. அடுத்த வாரம் அவன் ஆடுகிற விளையாட்டில் யார் நல்லவன், யார் கெட்டவன் என்று கேளுங்கள். உங்களுக்கு ஒரு மண்ணும் புரியாது, பரவாயில்லை. அவன் பத்து நிமிஷம் தொடர்ந்து தமிழில் பேசியிருப்பான், நடுவில் ஆங்கிலம் கலந்துதான். அப்புறம் கீழே உணவங்காடிக்கு ஒரு ஐஸ் கச்சாங் சாப்பிடக் கூட்டிக்கொண்டு போங்கள், ஒருவனை மட்டும். மூன்று பேரையும் சேர்த்துக் கூட்டிப் போனால் மறுபடி மூன்று மூலைதான்.

என் மகளுக்கு 15 வயது. விளையாட்டுச் செயலி ஒன்றில் பழக்கமான ‘பையன்’ ஒருவன் அந்தரங்கப் படம் கேட்டு நச்சரித்து, கடைசியில் அனுப்பிவிட்டாள். இப்போது 500 வெள்ளி கேட்கிறான், இல்லாவிட்டால் வகுப்பு நண்பர்கள் எல்லாருக்கும் அனுப்பிவிடுவானாம். அவள் என்னிடம் சொல்லவே இல்லை, அழுதுகொண்டிருந்ததை அவள் அக்கா பார்த்துத்தான் எனக்குத் தெரிந்தது. கணவரிடம் சொன்னால் போனை உடைத்துவிடுவார், அவளையும் அடிப்பார். போலீசுக்குப் போகலாமா, போனால் மகளுக்குப் பிரச்சினை வருமா?
– பெயரும் ஊரும் வேண்டாம்

இந்தக் கடிதத்துக்கு இதழ் அச்சாகும்வரை காத்திருக்கவில்லை, அன்றே அந்த அம்மாவிடம் பேசிவிட்டேன். அவர் சம்மதத்தோடுதான் இங்கே வருகிறது. இதே நிலையில் வேறு யாராவது இருந்தால் அவர்களுக்காக.

பணம் கொடுக்காதீர்கள். ஒருமுறை கொடுத்தால் கொடுக்கிற வீடு என்று தெரிந்துவிடும், அடுத்த வாரம் ஆயிரம் கேட்பான். அவனோடு வாதாடவும் வேண்டாம், கெஞ்சவும் வேண்டாம், பதில் போடுவதையே நிறுத்துங்கள். ஆனால் உரையாடலை அழித்துவிடாதீர்கள். பயத்தில் முதலில் செய்யத் தோன்றுவது அதுதான். அவன் கணக்கின் பெயர், மிரட்டிய வரிகள், பணம் அனுப்பச் சொன்ன வங்கி எண்ணோ பேநவ் எண்ணோ, தேதி, நேரம் எல்லாவற்றையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். மகளின் படத்தை மட்டும் யாருக்கும் அனுப்பக் கூடாது. ஆதாரத்துக்காக என்று சித்தப்பாவுக்கோ வக்கீல் நண்பருக்கோகூட வேண்டாம். அவள் வயதுப் பிள்ளையின் அப்படிப்பட்ட படத்தை வைத்திருப்பதும் அனுப்புவதுமே சட்டச் சிக்கல். போனை அப்படியே கையில் எடுத்துக்கொண்டு போலீஸ் நிலையத்துக்குப் போங்கள், என்ன செய்வது என்று அவர்கள் சொல்வார்கள்.

போலீசுக்குத் தாராளமாகப் போகலாம். அந்தரங்கப் படத்தைப் பரப்புவது மட்டுமில்லை, பரப்புவேன் என்று மிரட்டுவதே இங்கே குற்றம். 2020 ஜனவரி முதல் தேதியிலிருந்து குற்றவியல் தண்டனைச் சட்டத்தில் இதற்கென்றே பிரிவு இருக்கிறது, ஐந்து ஆண்டு வரை சிறை உண்டு. இதில் மிரட்டுகிறவன் குற்றவாளி, உங்கள் மகள் மிரட்டப்பட்டவள். புகார் கொடுக்கும்போது முதல் வாக்கியமே அதுவாக இருக்கட்டும். அந்தப் ‘பையன்’ பையனே இல்லாமலும் இருக்கலாம், வேறு நாட்டில் உட்கார்ந்து இதையே தொழிலாகச் செய்கிற கூட்டமாக இருக்கலாம். அப்படியென்றால் ஆளைப் பிடிப்பது கடினம், ஆனாலும் புகார் வேண்டும்.

படம் வெளியே போய்விடுமோ என்ற பயத்துக்கு ஒரு வழி இருக்கிறது. டேக் இட் டவுன் என்று ஒரு இலவசச் சேவை, காணாமற்போகும் குழந்தைகளுக்கான அமெரிக்க தேசிய மையம் நடத்துவது. 18 வயதுக்குள் எடுத்த படமென்றால் பயன்படுத்தலாம். படம் உங்கள் சாதனத்தை விட்டு வெளியே போகாமலே அதற்கு ஒரு எண் அடையாளம் உருவாக்கி, சேவையில் சேர்ந்திருக்கும் தளங்களுக்கு அந்த அடையாளத்தை மட்டும் அனுப்புவார்கள், படம் அங்கே ஏற்றப்பட்டால் கண்டுபிடித்து நீக்க முடியும். எல்லாத் தளங்களும் இதில் சேரவில்லை, ஆனால் பெரியவை பல இருக்கின்றன. இங்கே சிங்கப்பூரில் இணையத் துன்புறுத்தலுக்கு ஆளான பெண்களுக்காக ஷிகேர்ஸ் என்ற நிலையம் 2023லிருந்து சிங்கப்பூர் மகளிர் அமைப்புகள் மன்றத்தில் இயங்குகிறது, ஆலோசனையும் சட்ட வழிகாட்டலும் கிடைக்கும். பள்ளி ஆலோசகரிடமும் ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள். ராத்திரி எந்நேரமும் மகளுக்கோ உங்களுக்கோ மனசு தாங்கவில்லை என்றால் 1771க்கு அழைக்கலாம், 24 மணி நேரமும் எடுப்பார்கள். சில ராத்திரிகளுக்கு அவளைத் தனியாகத் தூங்க விடாதீர்கள் என்று அந்த அம்மாவிடம் சொன்னேன். இங்கேயும் சொல்கிறேன்.

கணவரிடம் மறைக்க வேண்டாம். ஆனால் மகள் பக்கத்தில் இல்லாதபோது, போலீசுக்குப் போக முடிவெடுத்த பிறகு, “அவள் ஏற்கெனவே பயந்து செத்துக்கொண்டிருக்கிறாள், நீங்கள் அடித்தால் அவன் ஜெயித்துவிடுவான்” என்று சொல்லிவிட்டுப் பேச்சைத் தொடங்குங்கள். அப்பாக்களின் கோபத்தில் பாதி பயம்தான், அந்தப் பயத்துக்கு ஒரு வேலை கொடுத்தால், ஸ்கிரீன்ஷாட்டுகளை வரிசைப்படுத்துவது மாதிரி ஏதாவது, அடங்கிவிடுவார்கள்.

செங்காங் அம்மாவுக்குச் சொல்ல வந்த காரணம் இதுதான். இந்தப் பெண் ஏன் சொல்லவில்லை என்று அவளிடமே கேட்கச் சொன்னேன். “சொன்னால் போனைப் பிடுங்கிடுவீங்க” என்றாளாம். ஒரு தேர்வில் மதிப்பெண் குறைந்ததற்குப் பிடுங்கியிருக்கிறார்கள், தங்கையோடு சண்டை போட்டதற்குப் பிடுங்கியிருக்கிறார்கள், எதற்கெடுத்தாலும் அதே தண்டனை. பதினைந்து வயதில் போனை இழப்பது என்றால் நண்பர்கள் அத்தனை பேரையும் இழப்பது. மிரட்டுகிறவனுக்கு இது நன்றாகத் தெரியும், “வீட்டில் சொன்னால் உனக்குத்தான் அடி” என்பதுதான் அவன் கையிலிருக்கும் பெரிய ஆயுதமே. பையன்களுக்கும் இது நடக்கிறது, அவர்கள் இன்னும் குறைவாகவே வாய் திறக்கிறார்கள். அதனால் ராத்திரி போன் கூடத்தில் இருக்கட்டும், அது தினசரி ஏற்பாடு, தண்டனை இல்லை. ஆனால் “போனில் என்ன கசமுசா நடந்தாலும் என்னிடம் வந்து சொன்னால், சொன்னதற்காகப் போனை வாங்க மாட்டேன்” என்று ஒரு வாக்கை ஒவ்வொரு அப்பா அம்மாவும் கொடுத்துவிடுங்கள். கொடுத்தால் காப்பாற்றவும் வேண்டும், அதுதான் கஷ்டம்.

மகன் பாலிடெக்னிக் முதல் ஆண்டு. டெலிகிராமில் யாரோ ‘உன் வங்கிக் கணக்கை ஒரு வாரம் கொடு, 400 வெள்ளி தருகிறேன்’ என்றாராம். ‘கணக்கு சும்மாதானே அப்பா கிடக்குது’ என்கிறான். எனக்கு என்னவோ சரியாகப் படவில்லை.
– உட்லண்ட்ஸ் அப்பா

சரியாகப் படாதது சரிதான். அந்தக் கணக்கு வழியாக ஓடப்போவது யாரோ ஒரு பாட்டி ஏமாந்து கொடுத்த பணம். பிடிபடும்போது டெலிகிராம்காரர் இருக்க மாட்டார், உங்கள் மகன் பெயர் மட்டும் வங்கி அறிக்கையில் இருக்கும். 2024 பிப்ரவரியிலிருந்து சிங்பாஸ் (அரசாங்க மின்னடையாளம்) விவரத்தை இப்படித் தூக்கிக் கொடுப்பதே குற்றம், மூன்று ஆண்டு வரை சிறை, 10,000 வெள்ளி வரை அபராதம், அல்லது இரண்டுமே. தன் பெயரில் சிம் அட்டை வாங்கி மோசடிக்காரர்களுக்குக் கொடுப்பதற்கும் 2025 ஜனவரியிலிருந்து தனிச் சட்டம் இருக்கிறது. 2025 டிசம்பர் 30 முதல் மோசடிக்காரர்களுக்குக் குறைந்தது ஆறு பிரம்படி கட்டாயம், அவர்களுக்குக் கணக்கும் சிம்மும் கொடுத்து உதவுகிறவர்களுக்கு நீதிமன்றம் விரும்பினால் 12 வரை விதிக்கலாம். இதை மகனிடம் படித்துக் காட்டுங்கள். “சும்மா கிடக்குது” என்ற பேச்சு அங்கேயே நின்றுவிடும். டெலிகிராம்காரரின் கணக்கைப் புகார் செய்துவிட்டு முடக்கச் சொல்லுங்கள். ஏற்கெனவே விவரத்தைக் கொடுத்துவிட்டான் என்றால், இதைப் படித்து முடிப்பதற்கு முன் வங்கிக்கு அழையுங்கள், அடுத்து போலீஸ்.

ஆஸ்திரேலியாவில் செய்த மாதிரி இங்கேயும் 16 வயதுக்குக் கீழே சமூக ஊடகத்தைத் தடை செய்துவிட்டால் என்ன?
– புக்கிட் பாஞ்சாங் வாசகர்

அங்கே 2025 டிசம்பர் 10ல் அது நடைமுறைக்கு வந்தது, பிள்ளைகளையோ பெற்றோரையோ தண்டிக்காமல் நிறுவனங்கள்மீது பொறுப்பைப் போட்டிருக்கிறார்கள் என்பது எனக்குப் பிடித்திருக்கிறது. இங்கேயும் வந்தால் நான் எதிர்க்க மாட்டேன். ஆனால் மேலே இருக்கும் கடிதங்களை மறுபடி பாருங்கள். ஒன்று விளையாட்டுச் செயலியில் தொடங்கியது, ஒன்று டெலிகிராமில், ஒன்று போர்வைக்குள். சட்டம் வருகிறதா என்று பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருக்க உங்கள் பிள்ளைக்கு நேரமில்லை.

மகள் சாலையைக் கடக்கும்போதுகூடப் போனைப் பார்த்துக்கொண்டே போகிறாள்.
– ஈசூன்

2017ல் ஆர்ச்சர்ட் ரோட்டில் குனிந்த தலைகளுக்காகவே தரையில் விளக்குப் பட்டை பதித்துச் சோதித்துப் பார்த்தார்கள். உங்கள் புளோக்குக்குக் கீழே அது இல்லை. காதில் மாட்டியிருப்பதை ஒரு பக்கமாவது கழற்றச் சொல்லுங்கள். மின்சைக்கிள் வருவது கண்ணில் படுவதற்கு முன்பே காதுக்குத்தான் தெரியும், அதுவும் லேசாக.

பிஎஸ்எல்இ (தொடக்கப் பள்ளி இறுதித் தேர்வு) முடிந்ததும் போன் வாங்கித் தருகிறோம் என்று மகளிடம் சொல்லிவிட்டோம். இப்போது இதையெல்லாம் கேள்விப்பட்டுப் பயமாக இருக்கிறது. பொத்தான் போன் வாங்கிக் கொடுத்துச் சமாளிக்கலாமா?
– தெம்பனிஸ் தம்பதி

அவள் மனசில் இருந்த போனும் நீங்கள் சொல்லும் போனும் ஒன்றில்லை என்றால் அது வாக்குத் தவறுவதுதான், பன்னிரண்டு வயதுக்கு அது நன்றாகவே புரியும். திறன்பேசியையே வாங்கிக் கொடுங்கள். தேர்வு முடிந்து பெட்டியைப் பிரித்த பிறகு நிபந்தனை போடாதீர்கள், இப்போதே, வாங்குவதற்கு முன்பே பேசுங்கள். ராத்திரி எங்கே இருக்கும், சாப்பாட்டு மேசைக்கு வருமா, கடவுச்சொல் யாருக்குத் தெரியும், தெரியாதவர் பேசினால் என்ன செய்வது. ஏழிலிருந்து பன்னிரண்டு வயதுக்குப் பாடத்துக்கு வெளியே நாளுக்கு இரண்டு மணி நேரத்துக்குள் திரை என்பது சுகாதார அமைச்சின் வழிகாட்டி, அங்கிருந்து தொடங்கலாம்.

இன்னொன்று. வாட்ஸ்அப், இன்ஸ்டகிராம், டிக்டாக் எல்லாவற்றுக்கும் குறைந்தபட்ச வயது 13. வகுப்புத் தோழிகள் எல்லாரும் இருக்கிறார்கள் என்று பிறந்த ஆண்டை மாற்றிப் போட்டுக் கணக்குத் திறந்து கொடுக்கிற பெற்றோர் நிறைய. அப்படிச் செய்தால் அந்தத் தளத்தின் கணக்கில் அவள் நிஜ வயதைவிட மூத்தவளாகிவிடுவாள், சீக்கிரமே 18ம் ஆகிவிடுவாள். பதின்ம வயதுக் கணக்குகளுக்கு இன்ஸ்டகிராம் போட்டிருக்கும் பாதுகாப்புகள், கணக்கு தானாகவே தனிப்பட்டதாக இருப்பது, தெரியாதவர் செய்தி அனுப்ப முடியாமல் இருப்பது, எல்லாம் அவளுக்கு முன்கூட்டியே கழன்றுவிடும். உண்மையான பிறந்த தேதியையே போடுங்கள், சில மாதம் காத்திருந்தால் ஒன்றும் குடி முழுகிவிடாது.

அதற்குள் பள்ளி போய் வர ஒரு பொத்தான் போன் போதும் என்று அவளே ஒப்புக்கொண்டால் வாங்கலாம். ஆனால் வீட்டு இழுப்பறையில் கிடக்கும் பழையதைத் துடைத்துக் கொடுக்காதீர்கள், இங்கே 3ஜி சேவையை நிறுத்திவிட்டார்கள். 4ஜியில் பேச முடிகிற பொத்தான் போனா என்று கடையிலேயே சிம்மைப் போட்டு ஒரு அழைப்பு அடித்துப் பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள்.